பல்லையும் இரும்பையும் தின்னும் பகைவன்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் ஒரு பெயர் உண்டென்பதை நம் வாசகர் அறிவர். அப்பெயர் ஒல்லாந்தர் இட்டது. அவர்கள் ஆண்ட காலத்தில் காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே நம் தீவுகளுக்குச் சூட்டினர். மற்றைப் பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டும் இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

இப்பெயருக்கு மூலமான டெல்ஃப்ட் நகரம் நெதர்லாந்து நாட்டில் உள்ளது. அந்த ஒரே நகரில், 212 ஆண்டுகள் இடைவிட்டு, இரண்டு கண்டுபிடிப்புக்கள் நிகழ்ந்தன. 1683ஆம் ஆண்டிலே ஒருவர் தம் பல்லிடுக்கில் இருந்த ஊத்தையை எடுத்து ஆராய்ந்தார். 1895ஆம் ஆண்டிலே மற்றொருவர், காற்றில்லாச் சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணங்கியைப் பிரித்தெடுத்தார். முன்னையவர் கண்டது பல்லைக் கெடுக்கும் கூட்டம். பின்னையவர் கண்டது இரும்பைக் கெடுக்கும் கூட்டம். பல்லுக்கும் இரும்புக்கும் உறவு யாது என்று வினவுவோர் இருப்பர். இவ்விரண்டையும் அழிக்கும் பகைவனின் போர்முறை ஒன்றே. அவனை அடக்கும் வழியும் ஒன்றே. அதனையே இவ்வாரம் நாம் எடுத்துக் கூற விழைகின்றோம்.

புடைவை வணிகர் கண்ட புதுமை

டெல்ஃப்ட் நகரத்து அன்ரனி வான் லீவன்ஹூக் கல்லூரியிற் கற்றவரல்லர். புடைவை வணிகம் செய்தவர். ஓய்வு நேரத்தில் தாமே கண்ணாடி தீட்டி நுணுக்குக்காட்டிகள் செய்து, அவற்றினூடே மழைநீர், மிளகு ஊறிய நீர் என அகப்பட்டதையெல்லாம் உற்று நோக்குவது அவர் வழக்கம். 1683ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 17ஆம் திகதி இலண்டன் றோயல் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் விஞ்ஞான வரலாற்றிற் புகழ்பெற்றது. நாள்தோறும் உப்பினாற் பல் துலக்கித் துணியால் துடைத்துவரும் தம் வாயிலும், பற்களின் இடையே மாப்போன்ற வெண்ணிறப் பொருள் தங்குவதை அவர் கண்டார். அதனை நீரிற் கலந்து நோக்கியபோது எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் நீந்தின, சுழன்றன, துள்ளின. வாழ்நாளில் ஒருபோதும் பல் துலக்காத ஒரு முதியவரின் வாயிலிருந்து எடுத்த ஊத்தையிலோ அவற்றின் பெருக்கம் சொல்லுந்தரமன்று.

அத்துடன் அவர் நின்றிருந்தால் அது வெறும் வேடிக்கையாய் முடிந்திருக்கும். அவர் மேலும் ஒரு சோதனை செய்தார். அவ்வூத்தையைக் கரைத்த நீரிற் சிறிது விநாகிரியைச் சேர்த்தபோது உயிர்கள் உடனே மடிந்தன. ஆயின், கடிய விநாகிரியை வாயிற் கொண்டு பற்களினூடே செலுத்திக் கொப்பளித்த பின்பும், பல்லிடுக்கிலிருந்து எடுத்த ஊத்தையில் உயிருள்ளவை எஞ்சியிருந்தன. விநாகிரி புறத்தே இருந்தவற்றை மட்டுமே கொன்றது, ஊத்தையின் உள்ளே புகவில்லை என்று அவர் முடிவு செய்தார்.

வாசகர்கள் இம்முடிவை மனத்திற் பதித்துக்கொள்வாராக. இன்று கோடிக்கணக்கான பணம் செலவிட்டு எண்ணெய்க் குழாய்களைக் காப்போரும், மருத்துவமனைகளில் நோயோடு போராடுவோரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டின் சாரம் முழுவதும் அந்த வணிகரின் ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது.

தனியாள் அல்லன், ஊரவன்

பற்றீரியாவைப் பற்றி நாம் எண்ணும்போது, தனித்தனியே நீரில் மிதந்து திரியும் உயிராகவே எண்ணுகின்றோம். பாடசாலைப் படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை மிதந்து திரிபவையல்ல; ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றி, கூட்டமாய்க் குடியிருப்பவை. கனடா நாட்டு நுண்ணங்கியியலாளர் பில் கொஸ்ரர்ற்றன் என்பவரும் அவர்தம் தோழரும் 1978ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் பின்னரே இவ்வுண்மை உலகிற் பரவியது. மலையோடையின் கல்லிலே காலை வைத்தால் வழுக்குகிறதே, அவ்வழுவழுப்பே இவற்றின் குடியிருப்பு. அதனை உயிர்ப்படலம் என்பர்.

இவ்வூர் எழும் விதம் விந்தையானது. முதலிற் சில பற்றீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியதும் பசை போன்ற கூழைச் சுரந்து தம்மைச் சுற்றி மதிலெழுப்புகின்றன. பின்னர் வேறினத்தவை வந்து அவற்றின்மேற் குடியேறுகின்றன. மேற்றளத்தில் இருப்பவை ஒட்சிசனை உண்டு தீர்த்துவிடுவதால், அடித்தளத்தில் ஒட்சிசன் இராது. ஒட்சிசனை வெறுக்கும் இனங்களுக்கு அதுவே உகந்த வீடு. ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு உணவாகிறது. மருந்தூற்றினால் மதிலும் மேற்றளத்தாரும் அதனைத் தாங்கிக்கொள்ள, உள்ளிருப்பவை பிழைத்துவிடுகின்றன. தனித்து மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லப் போதுமான மருந்தைப்போல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் படலத்துள் வாழ்பவை மடிவதில்லை.

பல் கரையும் விதம்

உணவுண்டு வாய் கொப்பளித்த சிறிது நேரத்திலேயே உமிழ்நீரிலுள்ள புரதம் பல்லின்மேல் மெல்லியதொரு பூச்சாகப் படிகிறது. அப்பூச்சின்மேற் பற்றீரியாக்கள் வந்து அமர்கின்றன. நாம் சீனி உண்ணும்போது அவற்றுட் சில அதனை இருவகையிற் பயன்படுத்துகின்றன. ஒரு பங்கிலிருந்து பசையை உண்டாக்கிப் பல்லை இறுகப் பற்றுகின்றன. மற்றைப் பங்கை உண்டு அமிலத்தைக் கழிக்கின்றன. பல்லின் மேலுறையாகிய மிளிரி நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அது கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிப்பொருளாதலால், அமிலத்தின் முன் கரையும்.

அமெரிக்கரான வில்லோபி மில்லர் என்னும் பல் வைத்தியர் ஜேர்மனியின் பேர்லின் நகரிற் பணிபுரிந்த காலத்தில் இதனை ஆராய்ந்து, 1890ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பற்சூத்தைக்குக் காரணம் புழுவன்று, நுண்ணங்கிகள் ஆக்கும் அமிலமே என்பது அவர் நிறுவிய உண்மை. 1940ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் றொபேட் ஸ்ரீபன் என்பவர் பல்லின்மேற் படிந்த படலத்தின் அமிலத்தன்மையை நேரிலேயே அளந்தார். சீனிக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் பிஎச் எண் 5.5க்குக் கீழே இறங்கியது. அதுவே மிளிரி கரையத் தொடங்கும் எல்லை. பழைய நிலைக்கு மீள அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்விடைவேளையில் உமிழ்நீர், கரைந்த கனிப்பொருளைச் சிறிது சிறிதாகத் திரும்பவும் பல்லிற் சேர்க்கிறது.

இதிலிருந்து பெற்றோர் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எவ்வளவு சீனி என்பதிலும், எத்தனை முறை என்பதே பெரிது. ஒரு வேளையில் ஐந்து இனிப்பு உண்ணும் குழந்தைக்கு ஒரு மணி நேரச் சேதம். ஐந்து இனிப்பையும் மணிக்கொன்றாய் உண்ணும் குழந்தைக்கு நாள் முழுவதும் சேதம்.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், விப்பெஹோம் என்னும் இடத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான இல்லத்திலே 1940ஆம் ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சி இதனை ஐயமற நிறுவிற்று. உணவோடு சீனி உண்டவர்க்குச் சூத்தை அதிகம் மிகவில்லை. உணவு வேளைகளுக்கிடையே ஒட்டுந்தன்மையுள்ள டொபி உண்டவர்க்கோ மிகக் கூடிற்று. 1954ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவினாற் பயனுற்ற குழந்தைகள் எண்ணிறந்தோர். ஆனால், பல் கெடும்வரை டொபி ஊட்டப்பட்டோர் வேண்டும், வேண்டாம் என்று கூற வகையற்றவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. அறிவைப் பெற்றோம், பெற்ற வழி அறவழியன்று.

முரசின் அழிவும் மலைநாட்டுத் தொழிலாளரும்

பல்லுக்கு இரண்டாவது கேடு முரசில், அதாவது ஈறில், நேர்வது. 1965ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் ஹரால்ட் லூ என்னும் நோர்வே நாட்டறிஞர் நல்ல முரசுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். அவர்களுட் பெரும்பாலோர் பல் வைத்திய மாணவர். மூன்று வாரங்களுக்குள் அனைவர்க்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் நலமாயிற்று. மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. ஊத்தை அகன்றது, நோயும் அகன்றது.

வாரக்கணக்கிற் கண்டது இவ்வாறாயின், வாழ்நாள் முழுவதும் துலக்காதிருந்தால் யாது நிகழும்? அதனை அறிய அதே லூவும் அவர் தோழரும் நம் நாட்டுக்கு வந்தனர். 1970ஆம் ஆண்டில் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தனர். 1985 வரை இடையிடையே வந்து அவர்களை மீண்டும் சோதித்தனர். அத்தொழிலாளர்க்குப் பல் வைத்தியமும் இல்லை. தூரிகை கொண்டு துலக்கும் வழக்கமும் இல்லை. சீனிப் பண்டம் அரிதாதலின் பற்சூத்தையும் அவர்களிடம் இல்லையென்றே கூறலாம். பல் விழுந்ததெல்லாம் முரசு நோயினாலேயே.

முடிவு 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவில்லை. 81 பேருக்கு நோய் மெல்ல முன்னேறிற்று. எஞ்சிய 8 பேருக்கோ அது விரைந்தோடிற்று. அவர்கள் 20 வயதளவிலேயே பல்லிழக்கத் தொடங்கினர். 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. ஊத்தை எல்லோருக்கும் ஒன்றே. உடல் அதனை எதிர்க்கும் ஆற்றலே வேறுபட்டது.

உலகெங்கும் பல் வைத்தியம் பயிலும் மாணவர் இன்றும் இந்த ஆராய்ச்சியைப் படிக்கின்றனர். கொழுந்தெடுக்கும் மலைச்சரிவிலே உழைத்த நம் தொழிலாளரின் வாயிலிருந்தே அப்பாடம் எழுதப்பட்டது. பாடம் தந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அதன் பயன் சேரவேண்டுமன்றோ? இப்பொருளை நாம் எழுதப் புகுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரும்பு கரியாகும் விந்தை

இனி இரும்பின் கதைக்கு வருவோம். இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்பது மாணவர் அறிந்ததே. ஆயின் நெதர்லாந்தின் ஈரக் களிமண்ணில், ஒட்சிசன் புகாத ஆழத்திலே புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்களும் கெட்டன. அவை உருமாறாமல் அப்படியே இருந்தன. தொட்டால் மட்டும், பென்சிலில் உள்ள காரீயத்தைப்போல் மென்மையாயிருந்தன. கத்தியாற் சீவலாம். இரும்பு முற்றும் போய், அதனுள் இருந்த கரி மட்டுமே எஞ்சியது.

இப்புதிருக்கு விடை 1895இலேயே ஒருவாறு கைக்கு வந்திருந்தது. அவ்வாண்டில் டெல்ஃப்ட் நகரத்து மாட்டினஸ் பைஜெரிங் என்னும் பேரறிஞர், ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அது கழிப்பது அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு. 1934ஆம் ஆண்டில் வொன் வொல்சோகன் கூர், வான் டெர் வ்லுக்ற் என்னும் ஒல்லாந்தர் இருவர், இவ்வினமே நிலத்தடிக் குழாய்களை அழிப்பது என்று விளக்கினர். இரும்பின்மேல் தோன்றும் ஐதரசனை இவை உண்டுவிடுவதால் இரும்பு தொடர்ந்து கரைகிறது என்பது அவர் கூற்று. பிற்காலத்தில் மேலும் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. இவை கழிக்கும் சல்பைட்டே இரும்பை அரித்துக் கருநிறப் படிவாக்குகிறது என்பது ஒன்று. சில இனங்கள் இரும்பிலிருந்து இலத்திரன்களை நேரே உறிஞ்சிக்கொள்கின்றன என்பது மற்றொன்று. இதனை 2004ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிரேமன் நகர ஆய்வாளர் அறிவித்தனர்.

குழாயினுள்ளும் பல்லின் கதையே நிகழ்கிறது. முதலில் வழுவழுப்பான படலம். அதன் மேற்றளத்தில் ஒட்சிசனை உண்பவை. அடியில், உலோகத்தை ஒட்டிய இருளில், சல்பேற்றுக் கூட்டம். படலம் திட்டுத் திட்டாய் இருப்பதால் அரிப்பும் எங்கும் பரவலாய் நிகழாது, ஓரிடத்திற் குழியாய் இறங்குகிறது. வெளியே பார்த்தால் குழாய் உறுதியாகவே தோன்றும். உள்ளேயோ சூத்தைப் பல்லைப்போல் ஓட்டை.

பழுதின் விலை

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அலாஸ்காவின் வடகரையிலுள்ள புருடோ குடா எண்ணெய் வயலில், ஒரு குழாயில் விழுந்த சிறு துளை வழியே ஏறக்குறைய 5,000 பீப்பா எண்ணெய் பனிநிலத்திற் பரவிற்று. அந்த வயலில் அதுவரை நிகழ்ந்த ஒழுக்குக்களில் அதுவே பெரிது. ஆராய்ந்தபோது, குழாயின் அடியிலே சேறு படிந்திருந்தமையும், அதன்கீழே உலோகம் அரிக்கப்பட்டிருந்தமையும் தெரியவந்தன. அச்சேற்றிற் குடியிருந்த பற்றீரியாக்களுக்கும் இவ்வழிவிற் பங்குண்டெனக் கருதப்பட்டது.

எண்ணெய்க் குழாய்களைத் துப்புரவாக்க ஒரு கருவி உண்டு. குழாயின் உட்குறுக்களவுக்கு இசைந்த உருளை. சுற்றிலும் கம்பித் தூரிகையோ சுரண்டும் வளையமோ பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெயின் அழுத்தமே அதனைத் தள்ளிச் செல்ல, அது குழாயின் சுவரைத் தேய்த்துச் சேற்றை வாரிக்கொண்டு மறுமுனையில் வெளிவரும். தொழிலாளர் இதனைப் பன்றி என்று அழைப்பர். நாம் இதனைக் குழாயின் பற்றூரிகை என்போம். துளை விழுந்த குழாயில் 1998ஆம் ஆண்டுக்குப்பின் இத்தூரிகை செலுத்தப்படவேயில்லை. எட்டாண்டு பல் துலக்காதிருந்தமைக்கு நிகரான குற்றம் அது. அதனை நடத்திய பிபி நிறுவனத்தின் அலாஸ்காக் கிளை 2007ஆம் ஆண்டில் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் மற்றைத் தண்டங்களுமாக 2 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது.

அடக்கும் வழிகள் நான்கு

பகைவனின் போர்முறை ஒன்றாதலின், எதிர்க்கும் முறையும் ஒன்றே என்றோம். அதனை வரிசைப்படி கூறுவோம். வரிசையே இங்கு முக்கியம்.

முதலாவது, தேய்த்து அகற்றல். படலத்தின் பலம் அதன் ஒற்றுமை. அதனைக் குலைத்துவிட்டால் எஞ்சியவை வெறும் தனியாட்கள். வாய்க்குத் தூரிகை, குழாய்க்குப் பன்றி. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று நம் பழமொழி கூறுவதும் இக்கருத்துப் பற்றியே. குச்சியின் சாற்றுக்குச் சிறிது ஆற்றல் இருக்கலாம். ஆனால் மென்று நாராக்கிய நுனியின் தேய்ப்பே முதன்மையானது. உமிக்கரி, செங்கற்றூள் முதலிய கரடான பொருள்களால் நாள்தோறும் தேய்த்தல் மட்டும் தகாது. அவை ஊத்தையோடு மிளிரியையும் தேய்த்துவிடும்.

இரண்டாவது, உணவை மறுத்தல். வாயிற் பகைவனின் உணவு இடையிடையே உண்ணும் சீனி. எண்ணெய்க் கிணற்றில் அவன் வேண்டுவது சல்பேற்று. ஆதலின் வடகடல் எண்ணெய் வயல்கள் சிலவற்றில், நிலத்தடியிற் செலுத்துமுன் கடல்நீரிலுள்ள சல்பேற்றை வடித்தெடுத்துவிடுகின்றனர். வேறு சில இடங்களில் நைத்திரேற்றைக் கலந்து, அதனை உண்ணும் வேறினப் பற்றீரியாக்களைப் பெருகச் செய்து, தீயவற்றைப் பட்டினியால் ஒடுக்குகின்றனர். முள்ளை முள்ளால் எடுத்தல் இதுவே.

மூன்றாவது, பரப்பை வலுப்படுத்தல். குழாய்க்கு வெளிப்பூச்சும், மின்னூட்டிக் காக்கும் முறையும் உண்டு. பல்லுக்குப் புளோரைட்டு உண்டு. அமெரிக்காவின் கொலறாடோ ஸ்பிறிங்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய பிரெடெரிக் மக்கே என்னும் பல் வைத்தியர், அவ்வூராரின் பற்கள் பழுப்புக் கறையேறியும் சூத்தை குறைந்தும் இருக்கக் கண்டு வியந்தார். குடிநீரிலுள்ள புளோரைட்டே காரணம் என்பது 1931இல் வெளியாயிற்று. 1945ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி கிராண்ட் றப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் அளவோடு புளோரைட்டுச் சேர்க்கப்பட்டது. அதன்பின் அங்குப் பிறந்த குழந்தைகளிடம் சூத்தை நூற்றுக்கு 60க்கு மேற் குறைந்தது. ஆனால் அளவு மீறினால் அமுதமும் நஞ்சு. அநுராதபுரம் முதலான நம் வரண்ட பிரதேசங்களிற் சில கிணறுகளின் நீரில் இயற்கையாகவே புளோரைட்டு மிகுந்துள்ளது. அதனாலேயே அங்குள்ள பிள்ளைகள் பலரின் பற்களிற் பழுப்புக்கறை காணப்படுகிறது. அத்தகைய ஊர்களில் வேண்டுவது மேலும் புளோரைட்டன்று, நல்ல குடிநீரே.

நான்காவதும் கடைசியுமானது, நஞ்சு. குழாய்களுக்குக் குளோரீனும் குளுற்றரல்டிகைட்டும். வாய்க்குக் குளோகெக்சிடின் போன்ற கொப்பளிப்பு மருந்து. இவை பயனுள்ளவையே, ஆனால் தேய்த்தபின் ஊற்றினால் மட்டுமே பயன்படும். தேய்க்காத குழாயில் ஊற்றிய நஞ்சும், துலக்காத வாயிற் கொண்ட மருந்தும் லீவன்ஹூக்கின் விநாகிரியைப்போல் மேற்றளத்தோடு நின்றுவிடும். நம்மவரிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி மருந்தில் தொடங்குகின்றனர். நோயும் போவதில்லை, பணமும் எஞ்சுவதில்லை.

பல்லும் உலோகமும் கூடுமிடம்

இவ்விரு கதைகளும் ஒன்றாகும் இடமும் உண்டு. சுவீடன் நாட்டுப் பிரானெமார்க் என்பார் 1965ஆம் ஆண்டில் ஒருவரின் தாடையெலும்பிலே ரைற்றானியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தினார். இன்று அது பரவலான வைத்தியம். உலோகப் பல்லுக்குச் சூத்தையில்லை என்று எண்ணிச் சிலர் துலக்குவதை விட்டுவிடுகின்றனர். உலோகத்தின்மேலும் படலம் படியும், சுற்றியுள்ள முரசு அழுகும், எலும்பு தேயும், திருகாணி கழன்று விழும். இன்னும் ஒரு வியப்பைக் கேளுங்கள். இரும்பைத் தின்னும் சல்பேற்றுக் கூட்டத்தின் இனத்தவை மனிதரின் முரசுப் பைகளிலும் வாழ்வதை 1995ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் அறிவித்தனர். சேற்றிலுள்ள பகைவனின் சுற்றத்தார் நம் வாயிலும் உளர்.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறக்குறைய 350 கோடி மக்களுக்கு, அதாவது உலகிற் பாதிப்பேருக்கு, வாய் நோய் ஏதேனும் ஒன்றுண்டு. இதனுட் பெரும்பகுதி தடுக்கக் கூடியது. ஆதலின் வீட்டிற் கடைப்பிடிக்க எளியவற்றை மட்டும் கூறி முடிக்கின்றோம்.

காலையிற் துலக்குவோர் பலர். இரவிற் துலக்குவோர் சிலர். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் பல்லின் காவலும் குறைகிறது. ஆதலின் இரவு துலக்கலே இன்றியமையாதது. புளோரைட்டுள்ள பற்பசை கொண்டு இரண்டு நிமிடம், முரசும் பல்லும் சேருமிடத்தை மெல்லத் தேய்க்க வேண்டும். துலக்கியபின் பசையைத் துப்பிவிடுக. உடனே நீரால் அலசிப் புளோரைட்டைப் போக்காதீர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயதுவரை பட்டாணிக் கடலையளவும் பசை போதும். சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடுதல் அதன் பால்பற்களுக்கு நாமே இழைக்கும் கேடாம். இனிப்பைக் கொடுப்பதாயின் உணவோடு கொடுங்கள். சுவீடன் நாட்டுப் பெற்றோர் சனிக்கிழமைக்கென இனிப்பை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நாமும் கைக்கொள்ளத் தக்கது. முரசில் இரத்தம் கண்டால் அஞ்சித் துலக்குவதை நிறுத்தாதீர். அவ்விடமே தூரிகையை வேண்டி நிற்கும் இடம். இரத்தம் நிற்காவிடிற் பல் வைத்தியரை நாடுக.

வீட்டு நீர்த்தொட்டிக்கும் இதே விதி. உட்சுவரிற் படிந்த வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவி வெளியேற்றிய பின்னரே குளோரீன் இடவேண்டும். மோட்டார் வள்ளத்தின் அல்லது மின்பிறப்பாக்கியின் டீசற்றாங்கி வைத்திருப்போர் அதன் அடியில் தேங்கும் நீரை இடைக்கிடை வடித்துவிடுக. நீர் தங்குமிடத்தே நுண்ணங்கி தங்கும். அது தங்குமிடத்தே தாங்கி ஓட்டையாகும்.

டெல்ஃப்ட் நகர வணிகர் விநாகிரி கொப்பளித்துக் கற்ற பாடத்தை, அலாஸ்காவில் பெரும் பணம் படைத்தோர் மறந்து இடர்ப்பட்டனர். மலைநாட்டுத் தொழிலாளரோ அப்பாடத்தைக் கற்பிப்பாரின்றியே பல்லிழந்தனர். நமக்கு அவ்விரு நிலையும் இல்லை. பாடம் கையில் இருக்கிறது. தூரிகையின் விலையும் அதிகமன்று. இன்றிரவு உறங்கப்போகுமுன் வீட்டுப் பிள்ளைகளோடு பெரியோரும் நின்று பல் துலக்குவாராயின், நாம் எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.